திருப்பி வைத்த மடிப்புத்திரை

அத்தியாயம் 6

நாற்பத்து மூன்றாவது கடையிலும் இல்லை என்றார்கள். நோட்டில் 43 என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மணி இரண்டு பத்து.

"இன்னும் எத்தனை கடை தம்பி பாக்கி?" என்றார் சுன்-ஜா அக்கா.

"இருபத்தொண்ணு. சந்துகளையும் சேத்தா முப்பது."

"நான் பஸ்ல கண்டக்டரா இருந்தப்பகூட ஒரே நாள்ல இத்தனை 'இல்ல' கேட்டதில்ல. சில்லறை இருக்கான்னு கேட்டா பத்துல ஒருத்தனாவது இருக்குன்னுவான்."

என் விசாரணை அலுவலகத்தில் சுன்-ஜா அக்காதான் உதவியாளர். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். வாசல் பலகையில் பெயர் என்னுடையது. உள்ளே குரல் அவருடையது. பதினோரு வருடம் சியோல் நகரப் பேருந்தில் கதவைத் தட்டி 'போலாம்' சொன்ன குரல்.

நாங்கள் தேடியது ஒரு மனிதரை. பழம்பொருள் தரகர் மோ ஜே-ரிம், வயது ஐம்பத்தாறு. ஊர் ஊராகப் போய்ப் பழைய வீடுகளில் கிடைப்பதை எடுத்துவந்து சியோலின் பழம்பொருள் தெருவான இன்சாதோங்கின் கடைகளில் கொடுப்பவர். பத்தொன்பது நாட்களுக்கு முன், அக்டோபர் பதினெட்டாம் தேதி மதியம், மகள் யுன்-சில் வேலை செய்யும் தையல் ஆலைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்.

"உன் கல்யாணத்துக்கு ஒரு மடிப்புத்திரை கெடைச்சிருக்கும்மா. எட்டு மடிப்பு. பூரா பியோனிப் பூ. மூணாவது மடிப்புல ஒரு சேவல் நிக்குது, அதுக்கு மூணு காலு. வரைஞ்சவன் நல்லா குடிச்சிருப்பான் போல."

மறுநாள் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. கல்யாணம் வருகிற ஞாயிறு. போலீசில், குடித்துவிட்டு எங்காவது கிடப்பார், தானே வருவார் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"திரைய நான் கேக்கல சார்," என்று யுன்-சில் எங்களிடம் சொன்னாள். "பெத்தவங்க நாற்காலில அன்னிக்கு அப்பா உக்காந்திருக்கணும். அம்மா நாற்காலி ஏற்கெனவே காலி."

தொலைந்த மனிதரைத் தேடுவதைவிட மூன்று கால் சேவலைத் தேடுவது சுலபம் என்று நான்தான் முடிவு செய்தேன். திரை ஏதாவது கடைக்கு வந்திருந்தால், கொண்டுவந்தவர் யார் என்று கேட்கலாம். அந்த முடிவு சரிதானா என்ற சந்தேகம் மூன்று நாளாக என் பின்னாலேயே நடந்து வந்தது.

மழையும் பனியும் கலந்து விழுந்தது. தாள் கடைக்காரர்கள் வாசலில் பிளாஸ்டிக் விரித்து மூடினார்கள். முத்திரை செதுக்குகிறவர் மட்டும் குடைக்கு அடியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய பெயரைக் கல்லில் தோண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சர்க்கரை அடை விற்கும் வண்டியின் ஓரம் ஒதுங்கினோம்.

அக்கா அடையைக் கடித்து, சூட்டில் வாயைத் திறந்து ஊதிக்கொண்டே எதிர்க்கடையைப் பார்த்தார்.

"அந்தாளு ஏன் கடைய எழவு வீடு மாதிரி வெச்சிருக்கான்?"

"யாரு?"

"எதிர்ல பாரு. கடை நடுவுல கறுப்பு எழுத்துத் திரை. உள்ள போனா ரெண்டு சொட்டு அழுதுட்டுத்தான் வெலை கேக்கணும் போல."

பார்த்தேன். கடையின் பெயர் மூங்கில் நிழல். கண்ணாடிக் கதவுக்குள், பின்சுவரை ஒட்டி ஒரு எட்டு மடிப்புத்திரை விரித்து நின்றது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, வேறொன்றும் இல்லை.

நோட்டைப் பின்னால் புரட்டினேன். திங்கட்கிழமையே அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். '17. மூங்கில் நிழல். முதலாளி சியோக் பியோங்-து. திரைகள் ஐந்து. நான்கில் படம், பியோனி இல்லை. ஒன்று எழுத்து.' என் கையெழுத்துதான். பக்கத்தில் பெருக்கல் குறி.

எந்த வீட்டில் எழுத்துத் திரை மட்டும் தனியாக இருக்கிறது? திரைக்கு இரண்டு முகம். பூவும் பறவையும் வரைந்த முகம் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும். மறுபுறம் வெறும் எழுத்து. அது சாவுக்கும் திதிக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். நான் திரையை எண்ணினேன், திருப்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, படத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்காரு. படத்தைக் காட்டினாத்தான் விக்கும். ஏன் மறைக்கணும்?"

"சேவலுக்கு வெக்கமா இருக்கும். மூணு காலு."

கதவைத் திறந்தபோது மேலே மணி அடித்தது. சியோக் பியோங்-து நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். தாடி நாலைந்து நாள் வளர்ந்திருந்தது.

அக்கா குரலை மாற்றிக்கொண்டார். "முதலாளி, ஞாயித்துக்கிழமை எங்க அக்கா பையனுக்குக் கல்யாணம். மருமக வந்து விழுந்து கும்பிடறப்போ பின்னாடி வைக்க ஒரு நல்ல திரை வேணும்."

"அந்தப் பக்கம் நாலு இருக்கு. பாருங்க."

"இது?"

"அது விக்கறதுக்கில்ல."

"விக்கறதுக்கில்லாதத ஏன் நடுவுல வெச்சிருக்கீங்க? பஸ்ல டிரைவர் சீட்ல பொம்மைய உக்கார வெச்ச மாதிரி?"

"எடம் இல்ல, அதான்."

"பின்னாடி என்ன படம்?"

"ஒண்ணும் இல்ல."

திரைக்கு முன்னால் ஒரு தாழ்ந்த மேசை. அதன்மேல் பித்தளைத் தட்டில் மூன்று ஆப்பிள். அக்கா உரிமையோடு ஒன்றை எடுக்கப் போனார்.

"அது வேணாம்மா," என்றார் சியோக். சட்டென்று சொன்னாலும் குரலில் கோபம் இல்லை. "பழசு."

அக்கா கையை இழுத்துக்கொண்டார். இழுத்த வேகத்தில் காதுத்தோடு கழன்று திரைக்குப் பின்னால் உருண்டது. அது எப்படிக் கழன்றது என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடம் கூட்டத்தில் கைவேலை பழகிய விரல்கள். "ஐயோ, என் மாமியார் குடுத்தது" என்றபடி மண்டியிட்டு, தலையைச் சுவருக்கும் திரைக்கும் நடுவில் விட்டார். சியோக் எழுந்து வருவதற்குள் தோடும் அவரும் வெளியே வந்தாயிற்று.

தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். "பியோனி. மூணாவது மடிப்பு. மூணு காலு, எண்ணிட்டேன். நாலாவது காலுக்கு மை தீந்திருக்கும்."

மூன்று நாளில் முதல் தடவையாகச் சரியான இடத்தில் நிற்கிறோம். ஆனால் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. கணக்கு உதைத்தது.

"தரகர்கிட்டருந்து புடுங்கிட்டான்," என்றார் அக்கா. "இல்ல, திருட்டு மால்னு தெரிஞ்சு வாங்கிட்டான். அதான் சேவல செவுத்துக்குக் காட்டி வெச்சிருக்கான். வா, உள்ள போய்க் கழுத்தப் புடிப்போம்."

"மறைக்கணும்னா மடிச்சு வெச்சுடலாமே அக்கா. எட்டு மடிப்பையும் மூடினா ஒரு சாண் கனம். பீரோவுக்குப் பின்னாடி சொருகினா நாம நூறு வருஷம் தேடணும். அவரு மடிக்கல. விரிச்சு நடுக்கடையில நிறுத்தியிருக்காரு."

"அப்ப எதுக்கு?"

"தெரியல. அந்த ஆப்பிள்..."

"நான்தான் சாப்பிடலையே."

"மேல வட்டமாச் சீவியிருந்துச்சு. மூணுலயும்."

தலையைச் சீவிய பழத்தை யாரும் விருந்தாளிக்கு வைப்பதில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படிச் சீவுவார்கள்.

நான் சொல்லத் தயங்கியதை அவர் நேராகக் கேட்கப் போனார். பக்கத்துத் தூரிகைக் கடைக்காரம்மா வாசலில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பக்கத்துக் கடை முதலாளி வீட்ல ஏதும் துக்கமா?"

"யாரு, சியோக்குக்கா? துக்கம் வர்றதுக்கு ஆள் வேணாமா? அப்பா அம்மா போயி இருபது வருஷம். பொண்டாட்டி போயி பத்து வருஷம், அவ போனது பூசானுக்கு. ஒரு பூனை இருக்கு, அதுவும் சாப்பாட்டுக்கு இங்கதான் வருது."

"அப்ப யாரும் சாகல."

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல. ஆனா மூணு வாரமா காலையில ஊதுவத்தி வாசனை. கேட்டா, பூச்சிக்குங்கறாரு. ஐப்பசிக் குளிர்ல எந்தப் பூச்சி?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நோட்டை மூடினேன். எழுத வேண்டியது தெரிந்துவிட்டது, எழுதக் கை வரவில்லை. பழம்பொருள் வியாபாரி மடிப்புத்திரையைத் தெரியாமல் திருப்பி வைக்கமாட்டார். அந்தத் திரையைக் கொண்டுவந்தவர் செத்துப்போனது அவருக்குத் தெரியும். கூப்பிட்டு அழ உறவு இல்லை, சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் கடையின் நடுவிலேயே, யார் கண்ணுக்கும் படும்படி, யாருக்கும் புரியாதபடி துக்கம் காத்துக்கொண்டிருக்கிறார்.

என் ஊகம் தவறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வழக்கமாக என் ஊகங்கள் தவறுபவைதான்.

மணி மூன்று இருபத்தைந்து. மறுபடி உள்ளே போனோம். கேள்வி எதுவும் கேட்கவில்லை. காலணியைக் கழற்றி, திரைக்கு முன்னால் நின்று, மண்டியிட்டு நெற்றி தரையில் பட வணங்கினேன். எழுந்தேன். உயிரோடிருப்பவருக்கு ஒரு வணக்கம், இறந்தவருக்கு இரண்டு. நான் மறுபடி மண்டியிட்டேன். பக்கத்தில் அக்காவும் மண்டியிடும் சத்தம் கேட்டது.

இரண்டாவது தடவை எழுந்து திரும்பியபோது சியோக் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மக அனுப்பிச்சாளா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைல்ல கல்யாணம்."

"அதுவும் தெரியுமா உனக்கு?" என்றார் அக்கா. மரியாதை போய்விட்டிருந்தது.

சியோக் கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். கேட்க ஆளில்லாமல் மூன்று வாரம் அடைத்து வைத்திருந்தது ஒரே ஒழுங்கில் வந்தது. தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்டி முடித்திருந்தார்கள். ஊரைக் காலி செய்துவிட்டார்கள். உள்ளே போகத் தடை. காலி வீடுகளில் விட்டுப்போனதை அள்ள சியோக்கின் சிறு லாரியில் இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். காலையிலேயே ஒரு ஓட்டு வீட்டுப் பரணில் திரை கிடைத்தது; மதியம் வெளியே சாப்பிடப் போன ஊரிலிருந்து மோ ஜே-ரிம் மகளுக்குப் பேசியிருக்கிறார். திரும்பி வந்து அதை வண்டியில் ஏற்றியபின் அவர் மறுபடி வீட்டுக்குள் போனார். கல்யாணத்தில் வைக்கிற மர வாத்து ஜோடி ஒன்றை அடுக்களையில் பார்த்தாராம்.

"மணி என்ன?" என்றேன்.

"மூணு இருக்கும். கூரை அப்படியே எறங்கிருச்சு. இடுப்புக்குக் கீழ உத்தரம். தூக்கிப் பாத்தேன். கம்பு வெச்சு நெம்பிப் பாத்தேன். அசையல. ஆள் கூட்டிட்டு வர்றேண்ணேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தேன்."

"யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"காவல் சாவடில நிறுத்தினான். உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டான். வண்டி பூரா எடுக்கக்கூடாத சாமான். நான் ஏற்கெனவே ஒரு தடவ ஜெயில்ல இருந்துட்டு வந்தவன்." உதட்டை நனைத்துக்கொண்டார். "யாரும் இல்லன்னேன்."

மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அடுத்த போன் பூத்துல நிறுத்தணும், அடுத்த பூத்துல நிறுத்தணும்னுதான் ஓட்டினேன் தம்பி. அப்படியே சியோல் வந்துருச்சு. இருபதாம் தேதி காலையில மதகை மூடிட்டாங்க. இருபத்தொண்ணு போய்ப் பாத்தேன். தண்ணி."

"நீங்க கெளம்பறப்போ அவரு..."

"பேசிக்கிட்டுதான் இருந்தாரு. திரை நனையாம பாத்துக்கப்பான்னாரு."

அதை நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். அது என் பழக்கம்.

போலீசுக்கு வருவதாக அவரே சொன்னார். கடையை ஒழுங்குபடுத்த ஏழு மணி வரை நேரம் கேட்டார். ஓடமாட்டார் என்று தோன்றியது. ஓடக்கூடியவராக இருந்தால் திரையை மடித்து வைத்திருப்பார். ஆனாலும் தூரிகைக் கடைக்காரம்மாவிடம் கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தோம்.

யுன்-சில் வேலை முடிந்து தினமும் ஆறு மணிக்குத் தேநீர்க் கடைக்கு வருவாள், அன்றைய சேதி கேட்க. அன்றும் வந்தாள். ஆலைச் சீருடையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எங்கள் முகத்தைப் பார்த்தவுடன், இழுத்த நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் சொன்னேன். பள்ளத்தாக்கு, கூரை, தண்ணீர். வரிசையாகச் சொன்னால் குறைவாக வலிக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

"அப்ப எடுக்க முடியாது," என்றாள்.

"முடியாதும்மா," என்றார் அக்கா. "தண்ணி எறங்காது."

யுன்-சில் உட்கார்ந்தாள். வெகு நேரம் இஞ்சித் தேநீரின் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு, ஆலையில் அளவு கேட்பதுபோல் கேட்டாள்.

"எந்தத் தேதி சார்?"

"என்ன?"

"அப்பா போன தேதி. பொதைக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. வருஷா வருஷம் படைக்கறது ஒண்ணுதான் என்னால முடியும். அதுக்குத் தேதி வேணும். தேதி தெரியாதவங்களுக்கு ஒம்போதாம் மாசம் ஒம்போதாம் நாள் வைப்பாங்க. சண்டையில தொலஞ்சவங்க, கடல்ல போனவங்க, பேரு தெரியாதவங்க எல்லாருக்கும் சேத்து. எங்கப்பாவ அந்தக் கூட்டத்துல விட முடியாது சார்."

நோட்டு என் கையில் திறந்தே இருந்தது. கூரை விழுந்தது பதினெட்டு. மதகு மூடியது இருபது. நடுவில் என் கையெழுத்தில் அந்த வரி: பேசிக்கொண்டுதான் இருந்தார். மூன்று நாளும் எல்லாவற்றையும் மணியோடு எழுதியவன் நான். இந்த ஒரு மணிக்கு எழுத எதுவும் இல்லை. பதினெட்டு ராத்திரியா, பத்தொன்பதா, தண்ணீர் வந்த பிறகா? அது தெரிந்தவர் ஒருவர்தான்.

"அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தேன்.

அக்காவின் உள்ளங்கை நோட்டின்மேல் வந்து விழுந்தது.

"பதினெட்டு," என்றார். "மத்தியானம் மூணு மணி. உத்தரம் விழுந்ததுமே உசிரு போயிருச்சு. கூட இருந்தவன் சொன்னான்."

யுன்-சில் என்னைப் பார்த்தாள். அக்காவை அல்ல. "அப்படியா சார்?"

"ஆமா," என்றேன்.

"எழுதிக் குடுக்கறீங்களா?"

ஒரு வெற்றுத் தாளைக் கிழித்தேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துச் சந்திரக் கணக்கில் மாற்றினேன்: ஒன்பதாம் மாதம், ஐந்தாம் நாள். எழுதிக் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். மடித்துச் சீருடையின் மேல்பையில் வைத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு நான் சட்டைக் கைப்பட்டி தெச்சிட்டிருந்தேன்," என்றாள். "ஒடனேன்னா சரி. அவருக்கு இருட்டுல தனியா இருக்கப் பயம்."

எழுந்து எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனாள். தேநீரைத் தொடவில்லை.

சந்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அக்கா என் பக்கத்தில் நடந்தார்.

"அக்கா, அவரு ஸ்டேஷன்ல உண்மையச் சொல்லுவாரு. அவங்க அத எழுதுவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுவாங்க."

"தெரியும்."

"அவரும் நாம சொன்னதையே சொன்னாத்தான்..."

"அவன் அப்படிச் சொன்னா என்னாகும்னு தெரியுமில்ல தம்பி? செத்த ஆள விட்டுட்டு வந்தான்னு ஆகும். உசிரோட விட்டுட்டு வந்தது இல்லாமப் போயிரும். தடை பண்ண எடத்துக்குள்ள போனதுக்கும், சேதிய மறச்சதுக்கும் ஏதோ கொஞ்சம். அவ்வளவுதான். அந்தாளு தப்பிச்சிருவான்."

"தெரியும்."

"ஒரு போன் பண்ணியிருந்தா போதும். ஒரே ஒரு போன்."

வேறு வழி உண்டா என்று அந்தச் சந்தின் நீளம் முழுக்க யோசித்தேன். இருந்திருக்கலாம், என் புத்திக்கு எட்டவில்லை.

சியோக் பியோங்-து மேல்கோட்டு போட்டு, மடியில் ஒரு சிறு பையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"உக்காருங்க முதலாளி," என்றேன். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. உத்தரம் விழுந்ததுமே அவர் இறந்துட்டாரு. பேசல. அதத்தான் நீங்க சொல்லணும்."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. யாருக்காக என்பது முதலில் புரிந்தது. அது தனக்கு என்ன செய்யும் என்பது அதன்பின் புரிந்தது. அந்த இரண்டாவது முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"அப்படிச் சொல்றது... பாவமில்லையா தம்பி?"

"சொல்லுங்க."

"உத்தரம்... விழுந்ததுமே..."

"மறுபடி," என்றார் அக்கா, கதவில் சாய்ந்தபடி.

இரண்டாவது தடவை பாதியில் இருமினார். மூன்றாவது தடவை தடுமாற்றமே இல்லை. நேரில் பார்த்தவர் சொல்வது போலவே இருந்தது.